மிட்டாய் கட்டிய வீடு

நம் வயதுக்காரர்களுக்கு ஆம்பூரின் டிசம்பர் எப்படி மணக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோல் கம்பெனிகளின் சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் பனியோடு சேர்ந்து தரைக்கு இறங்கிவிடும். வெயில் ஏறும்வரை போகாது. வெளியூர்க்காரர்கள் ரயில் நிற்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நமக்கு அது நாற்றமாகவே தெரிந்ததில்லை. அப்பாவின் சட்டை அப்படித்தான் மணக்கும் என்பதால் அதை அப்பா வாசனை என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்த வாசனைக்கு நடுவில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மிட்டாய் கட்டுவோம். எல்லார் வீட்டிலும் காகித நட்சத்திரம் தொங்கும், கலர் காகிதத்தில் வெட்டிய சங்கிலி தொங்கும். வசதியுள்ளவர்கள் சவுக்குக் கிளை வெட்டி வந்து மண் தொட்டியில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பனி மாதிரி ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மிட்டாய். அதுவும் சுவருக்குச் சுவர்.

அந்த யோசனை அம்மாவுடையது. கல்யாணத்துக்கு முன்பு அவள் வேலூரில் ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா வீட்டில் பாத்திரம் கழுவ இருந்தாளாம். அங்கே ஒரு டிசம்பரில் கூடத்து மரத்தில் விதவிதமான மிட்டாயாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். "காய்ச்சுத் தொங்குற மாதிரி இருந்துச்சிடி. மரத்துல மிட்டாய் காய்க்குமான்னு ஒரு நிமிஷம் நெசமாவே நெனச்சுட்டேன்" என்பாள். நர்ஸம்மா அவளைக் கூப்பிட்டு ஒன்றைப் பறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு மிட்டாயை ஒரு மத்தியானம் பூரா சப்பியதாகச் சொல்லும்போது அம்மாவின் முகம் சின்னப் பெண்ணின் முகமாகிவிடும்.

எங்கள் வீட்டில் மரம் வைக்க இடமில்லை. ஒரே அறை, பின்னால் சமையல் தடுப்பு, அதற்கும் பின்னால் துணி துவைக்கும் கல். அதனால் அம்மா நூல் கட்டினாள். அவள் ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஷூ தைக்கிற மெழுகு நூலின் மிச்சங்கள் அவள் பையில் எப்போதும் இருக்கும். அறுக்கவே முடியாத நூல். பஜாரில் டின்னிலிருந்து அள்ளிப் போடுகிற ஆரஞ்சு மிட்டாயை வாங்கி வருவாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்ணாடித் தாளும் வாங்குவாள். சாயங்காலத்தில் பாயை விரித்து நாங்கள் மூன்று பேரும் உட்காருவோம். அம்மா தாளை வெட்டுவாள். நான் மிட்டாயை வைத்துச் சுருட்டுவேன். இரண்டு முனையையும் முறுக்குகிற வேலை தம்பிக்கு. அந்த முறுக்கை அவன் காது என்பான்.

"ரெண்டு காதும் ஒரே மாதிரி இருக்கணும்கா. இல்லன்னா அது செவிடு."

செவிட்டு மிட்டாயை அவனே பிரித்து மறுபடி முறுக்குவான். எவ்வளவு நேரமானாலும் சரி. அம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பொறுமையாக இருந்து நான் பார்த்த சந்தர்ப்பங்கள் குறைவு.

கட்டிய மிட்டாய்ச் சரங்களை வாசற்படிச் சட்டத்திலிருந்து ஜன்னல் கம்பிவரைக்கும், அப்பா சட்டை மாட்டுகிற ஆணியிலிருந்து காலண்டர்வரைக்கும் இழுத்துக் கட்டுவோம். குண்டு பல்பு எரிந்தால் சுண்ணாம்பு அடித்த சுவரெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பூத்துவிடும். காற்று வந்தால் மொத்த வீடும் சரசரக்கும். தம்பி பாயில் மல்லாந்து படுத்து, காலை ஆட்டிக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தொடக் கூடாது என்பது சட்டம். புது வருஷ ஆராதனை முடிந்து வந்த பிறகு அம்மா ஸ்டூல் போட்டு ஏறிச் சரங்களை அறுப்பாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் கை நிறையக் கிடைக்கும். அதுவரை ஒரு மிட்டாய்கூட யார் வாய்க்கும் போகாது.

நான் சொல்ல வந்த வருஷத்தில் அம்மா வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே கட்டினாள். காரணம் அப்பா.

அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். தோலை ஊறவைத்து முடி கழற்றுகிற இடம். அவர் விரல் நகங்கள் வெள்ளையாக வெந்து கிடக்கும். சோற்றைப் பிசைந்தால் வெடிப்பில் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவார். அந்தத் தொட்டியில் இறங்குகிற எல்லாரையும் போல அவரும் குடித்தார். குடித்துவிட்டு அடிக்கிற ஆள் இல்லை. குடித்துவிட்டு அழுவார். அதைத்தான் அம்மாவால் தாங்க முடியாது. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஆராதனையில் அப்பா எழுந்து நின்று, பாஸ்டருக்கும் சபைக்கும் முன்னால், இனிமேல் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இந்த வருஷம் வூடு ஜொலிக்கணும்." நவம்பர் மழை நிற்பதற்கு முன்பே கண்ணாடித் தாள் வாங்கி வந்துவிட்டாள்.

தம்பி அப்போது இரண்டாம் வகுப்பு. மழை விட்டதிலிருந்து அவனுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது.

நம் ஊரில் தண்ணீர் என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரில் உப்பு. பாலாற்றில் ஊற்றுத் தோண்டினால் நுரை. குடிக்கிற தண்ணீரை அம்மா கம்பெனி விட்டு வந்த பிறகு ஊருக்கு வெளியே மாந்தோப்புக் கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வருவாள். அந்தக் குடத்தின் முன்னால் தம்பி டம்ளரோடு நிற்பான். குடித்து முடித்து, மூச்சு வாங்கி, மறுபடி மொண்டு குடிப்பான்.

"உன் வயிறு இன்னா ஏரியாடா? நான் என்ன உனக்குன்னே கிணறு வெட்டி வெச்சிருக்கேனா?"

அவன் டம்ளரின் அடியில் இருக்கிற சொட்டையும் நாக்கில் விட்டுக்கொள்வான். அம்மா குடத்தைத் தூக்கி மேலே வைத்தாள். அவன் துணி துவைக்கிற உப்புத் தண்ணீரைக் குடித்தான்.

பிறகு பாயை நனைக்க ஆரம்பித்தான். மூன்று வயதிலேயே நிறுத்திய பழக்கம். அம்மா தினமும் காலையில் பழைய புடவைகளை ஒட்டித் தைத்த மெத்தையைச் சுவரில் உலர்த்தினாள். தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏழு கழுதை வயசாவுது. எழுந்து போவ சோம்பேறித்தனம்" என்று அம்மா அவர்கள் காதில் விழும்படியே சொன்னாள். அவமானப்பட்டால் நிறுத்திவிடுவான் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

முதலில் சரியாகக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு முஸ்லிம் பாயின் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்பக்கச் சுவர் பொது. ஒரு நாள் காலையில் அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டி அம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதே. உன் பையன் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது. ரெண்டு மூணு நாளா பாக்கறேன். எங்க மாமாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு. சக்கரைன்னாங்க. வேலூருக்குக் கூட்டினு போயி ஒரு தடவ காட்டிடு."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "என் புள்ளைக்குக் கெழவன் வியாதியாக்கா? வூடு பூரா மிட்டாய் தொங்குது. எறும்பு வராம இன்னா வரும்?"

"மிட்டாய் உள்ளாறதானே இருக்குது? எறும்பு வெளிய இல்ல மொய்க்குது?"

அம்மா விருட்டென்று உள்ளே வந்துவிட்டாள். "நம்ம வூட்டுல இந்த வருஷம் சந்தோசமா இருக்கறது கண்ண உறுத்துது" என்று என்னிடம் சொன்னாள். பிறகு ஒரு பொட்டலம் எறும்புப் பொடி வாங்கி வந்து பின்பக்கம் பூராவும் தூவினாள். அன்றிலிருந்து எறும்பு வரவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

அந்தச் சுவரோரம் நானும்தான் நின்றிருந்தேன். கறுப்பு எறும்புகள் ஈர மண்ணில் வட்டமாக, தலையை உள்ளே வைத்து, அசையாமல் இருந்தது எனக்கு இப்போதும் தெரிகிறது.

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தோம். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஜன்னல் பக்கத்துச் சரம் தாழ்ந்திருக்கிறதே என்று இழுத்துக் கட்டப் போனாள். போனவள் அப்படியே நின்றாள். ஒரு மிட்டாயை விரலால் அழுத்தினாள். தாள் நசுங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததையும் அழுத்தினாள். அதுவும் காலி. அந்த வரிசையில் பாதிக்கு மேல் வெறும் தாள். இரண்டு காதும் ஒழுங்காக முறுக்கி, உள்ளே காற்று.

"டேய்."

தம்பி பாயில் சுருண்டு கிடந்தான். அந்த நாட்களில் அவன் எப்போதும் சுருண்டுதான் கிடந்தான்.

"யார்றா தின்னது இத?"

"தெரியாதும்மா."

"காது முறுக்கறது யாரு இந்த வூட்டுல? நானா? உங்கப்பாவா?"

"நான் எடுக்கலம்மா."

அம்மா அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "வாயத் தொற. ஊது."

அவன் ஊதினான். அம்மா முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இங்க வாடி. நீ மோந்து பாரு." நான் குனிந்தேன். பழம் கனிந்த மாதிரி, மிட்டாய் டின்னைத் திறந்த மாதிரி ஒரு தித்திப்பு வாசனை அவன் மூச்சில் அடித்தது. சந்தேகமே இல்லாத வாசனை.

"வருதா இல்லயா?"

"வருதும்மா" என்றேன்.

அம்மா கோபப்பட்டது மிட்டாய்க்காக இல்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. பொய்க்காக. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதில் கல் விழுந்த ஆத்திரம். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தோல் வாரை எடுத்தாள். கம்பெனியில் கழித்துப் போட்டது. பெட்டி கட்ட வைத்திருந்தாள். அவன் காலிலும் முதுகிலும் விளாசினாள்.

"எடுத்தேன்னு சொல்லு. சொல்லிட்டா வுட்டுர்றேன்."

"எடுக்கலம்மா."

"வாய் நாறுது, இன்னும் பொய்யா?"

"வுடு, சின்னப் புள்ள" என்றார் அப்பா. வாசலைப் பார்த்தபடியே சொன்னார். எழுந்து வரவில்லை. "தின்னா தின்னுட்டுப் போறான். வுடு."

"திங்கட்டும்யா. கேட்டா குடுக்க மாட்டேனா? திருடிட்டுப் பொய் சொல்றான் பாரு, அதுதான்" என்று அம்மா இன்னும் இரண்டு அடி வைத்துவிட்டு, வாரைத் தூக்கி எறிந்துவிட்டு, சமையல் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள்.

நான் அவன் காலில் தேங்காய் எண்ணெய் தடவினேன். கால் அவ்வளவு மெலிந்திருந்தது அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. முழங்கால் மட்டும் பெரிதாக இருந்தது.

"அக்கா, நான் எடுக்கலக்கா."

"சரிடா."

"எனக்கு மிட்டாயே வேணாம். தண்ணி தர்றியா?"

அம்மா பார்க்காதபோது மேலே இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்துக் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தான்.

கிறிஸ்துமஸ் காலையில் புதுத் துணி போட்டோம். நவம்பர் தொடக்கத்தில் தையல்காரர் அளவெடுத்துத் தைத்த கால்சட்டை. தம்பி இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஊக்கு போட்டாள், அதற்கும் வழுக்கியது. "கண்ணு தெரியல அந்தாளுக்கு. யார் அளவையோ எடுத்து யாருக்கோ தெச்சிருக்கான்" என்று திட்டிக்கொண்டே அரைஞாண் கயிற்றில் செருகிவிட்டாள். கோயிலுக்குப் போகிற வழியில் தையல்காரர் எதிரே வந்தார். நல்ல நாள் என்றுகூடப் பார்க்காமல் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாள். அவர் தம்பியை ஒரு மாதிரி பார்த்தார். "நான் கரீக்டாத்தாம்மா எடுத்தேன். பையன் எளச்சிட்டான்மா" என்றார். "தப்பு பண்ணிட்டு என் புள்ளைய கொற சொல்றியா?" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பிரசங்கத்தின் நடுவில் தம்பி வாந்தி எடுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். பண்டிகை நாள், டாக்டர் யாரும் இல்லை. தெருமுனையில் ஊசி போடுகிற கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணை இழுத்துப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "பண்டிகப் பலகாரம் சேரல. மிட்டாய் ஜாஸ்தி தின்னிருக்கான், பூச்சி இருக்குது" என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். உடம்பில் தெம்பே இல்லை, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்.

அம்மா கொடுத்தாள். எவ்வளவு கொடுத்தாலும் அவன் குடித்தான். அத்தனை வாரமாகத் தண்ணீருக்கு அலைந்த பிள்ளைக்கு அன்றைக்குத்தான் யாரும் டம்ளரைப் பிடுங்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவே ஊட்டினாள். அவன் தலையைத் தடவிக்கொடுத்து, "குடி ராசா, குடி" என்றாள். குளுக்கோஸ் டப்பாவைக் கரண்டியால் சுரண்டும் சத்தத்தைக் கேட்டால் நான் இப்போதும் அந்த இடத்தில் நிற்க மாட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் அவன் மூச்சு மாறியது. ஓடிவந்தவன் மாதிரி, படுத்த இடத்திலேயே நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கூப்பிட்டால் கண் திறந்தான், பேசவில்லை. பாயின் மனைவி சத்தம் கேட்டு வந்து பார்த்தார். பார்த்ததும் அப்பாவின் பக்கம் திரும்பிக் கத்தினார். "இன்னும் இன்னா நின்னுனு கீறீங்க? வேலூருக்குத் தூக்குங்க!"

அப்பா கம்பெனிக்கு ஓடி, உப்புத் தோல் ஏற்றி நின்றிருந்த லாரியை எடுத்துவரச் செய்தார். டிரைவர் பக்கத்தில் அம்மா, அவள் மடியில் தம்பி, கதவோரம் அப்பா. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். லாரி ஏறும்போது அவன் கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. தெருவே வாசலுக்கு வந்து நின்றதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தம்பியைப் பாயில் கிடத்தினார்கள். எங்கள் பாயில், சரங்களுக்குக் கீழே. அம்மா அழவில்லை. நின்று மேலே பார்த்தாள்.

"சக்கரையாம்" என்றாள், யாரிடமோ சொல்வது போல. "ரத்தம் பூரா சக்கரையாம். டாக்டரு கேக்கறாரு, இவ்ளோ நாளா இன்னா பண்ணீங்கன்னு."

பிறகு சரத்தைப் பிடித்து இழுத்தாள். மெழுகு நூல் அறுபடவில்லை. கையில் அறுத்து ரத்தம் வந்தது. ஆணியோடு பிடுங்கினாள். வாசற்படியிலிருந்து ஜன்னல்வரை, ஆணியிலிருந்து காலண்டர்வரை எல்லாவற்றையும் பிடுங்கி, அள்ளிக்கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் கொட்டினாள். ஒரு சின்னப் பையன் ஓரமாக விழுந்த ஒன்றை எடுக்கக் குனிந்தான். "தின்னாதடா! வெசம்டா அது! என் புள்ளையக் கொன்னுடுச்சுடா!" என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள். பாயின் மனைவி அவளை அப்படியே கட்டிக்கொண்டார். நான் சொன்னேனே என்று அந்த அம்மா அன்றைக்கும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவில்லை.

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார். அடக்கம் முடிந்த அன்றே குடித்துவிட்டு வந்தார். பாஸ்டரோ சபையோ அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மிட்டாய் வந்ததில்லை. நட்சத்திரமும் தொங்கவில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தபோது, அம்மா அவர்கள் கையில் மிட்டாயைப் பார்த்தால் பிடுங்கித் தூர எறிவாள். நானும் ஷூ கம்பெனிக்குத்தான் போனேன். பிள்ளைகளை அவள்தான் வளர்த்தாள்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். அம்மா அந்தச் சின்ன மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையே சொல்வாள்: "ஆச தீரத் தின்னுட்டுத்தான் போனான் என் ராசா. அடிச்சாலும் வுடல, தின்னுட்டான்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அழுகையோடு இன்னொன்றும் இருக்கும். தான் கட்டிய விஷம்தான் பிள்ளையைக் கொன்றது என்று அவள் நம்பினாள். ஆனாலும் அவன் ஆசைப்பட்டதைத் தின்றான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து வீட்டுக்கு வருவாள்.

அப்பாவுக்குக் கல்லீரல் போய்விட்டது. கடைசி நாட்களில் வயிறு ஊதிப் படுத்திருந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்த ஜன்னல் வரிச, நான்தாம்மா எடுத்தது."

எனக்கு முதலில் புரியவில்லை.

"மிட்டாய். சர்ச்சுல சொல்லிட்டனே தவிர வுட முடியல. தொட்டியில எறங்கினா வுட முடியாதும்மா. வாய் நாறினா உங்கம்மா கண்டுபுடிச்சுருவா. வூட்டுக்குள்ள வந்ததும் ஒண்ணு வாயில போட்டுப்பேன். தாள மட்டும் திரும்ப முறுக்கி வுட்டுருவேன், அவன் முறுக்கற மாதிரியே."

"அன்னிக்கு அடிக்கும்போது சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லத்தான் பாத்தேன். அவ அவ்ளோ சந்தோசமா இருந்தாம்மா அந்த வருசம்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு அடியோட போய்டும்னு நெனச்சேன். அவகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். அப்பா போய்ச் சேர்ந்தார்.

என் மகள் நர்சிங் படித்து வேலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் வார்டில் சேர்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். எலும்பும் தோலுமாக வந்ததாம். தாகம், பாயை நனைப்பது, வாந்தி, மேல்மூச்சு. "வாய்ல பழ வாசன வரும்மா. பக்கத்துல போனாலே தெரியும். சக்கர ஏறினா அப்படி வரும்."

"மிட்டாய் ஜாஸ்தி தின்னா வருமா?"

"ஐய, அதெல்லாம் இல்லம்மா. சின்னப் பசங்களுக்கு வர்ற சக்கர வேற. தின்னாலும் வரும், தின்னாட்டியும் வரும். உடம்புல இன்சுலின் சொரக்காது, அவ்ளோதான். கரெக்டான நேரத்துல ஊசி போட்டா பொழச்சிப்பாங்க. அந்தப் பாப்பா நேத்து சிரிச்சினே வூட்டுக்குப் போய்ட்டா. இனிமே தெனம் ஊசி போட்டுக்கணும். மத்தபடி ஸ்கூலுக்குப் போலாம், வெளயாடலாம்."

நான் அவளிடம் தம்பியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, குடம், மெத்தை, கால்சட்டை, குளுக்கோஸ். அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "ஊசி அப்பவே இருந்துச்சும்மா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். பிறகு, "ஆயாகிட்ட சொல்லும்மா. பாவம், மிட்டாயாலதான்னு இத்தன வருஷமா அழுவுது. அதனால இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்" என்றாள்.

அந்தச் சமயத்தில் அம்மா ரொம்பவே தளர்ந்திருந்தாள். நவம்பர் பிறந்தாலே, "வெசத்தக் கட்டித் தொங்கவுட்டேன், என் கையாலயே கட்டித் தொங்கவுட்டேன்" என்று புலம்ப ஆரம்பித்துவிடுவாள். சோறு இறங்காது. அதைப் பார்க்க முடியாமல்தான் நான் பேசினேன். காலை வெயிலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து, தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னேன்.

"அம்மா, தம்பிக்கு வந்தது மிட்டாயால வந்தது இல்லம்மா. உன் பேத்தி சொன்னா. அது தானா வர்றதாம். நீ மிட்டாய் கட்டாம இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

அம்மா நம்பவில்லை. "அவன் வாய்ல வாசன வந்துச்சேடி. நீகூட மோந்து பாத்தியே."

"அது அந்த வியாதியோட வாசனயாம். மிட்டாய் வாசன இல்ல."

சீப்பு பாதி முடியில் நின்றிருந்தது. அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நிம்மதி வரும் என்று நான் காத்திருந்தேன். அவள் வேறு ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். வயதானாலும் அவள் புத்தி அப்படியேதான் இருந்தது.

"அப்ப, காலித் தாளு?"

நான் முடியிலிருந்து சீப்பை உருவினேன். அம்மா அதற்கு மேல் காத்திருக்கவும் இல்லை. உள்ளே சுவரில் மாலை போட்டிருந்த அப்பா படத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. திரும்பி என்னிடம் கேட்டாள்.

"ஒண்ணுகூடத் திங்கலயாடி அவன்?"

"இல்லம்மா."

அவள் வெயில் ஏறியும் உள்ளே வரவில்லை. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்கவைத்தேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சுண்ணாம்பும் மெழுகுவத்தியும் எடுத்துவைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். ஆட்டோ வாசலில் நின்றது. அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நீ போய்ட்டு வா" என்றாள். "அவன்கிட்ட சொல்றதுக்கு எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல."